உன் பேரில் என்ன இருக்கு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் பேச்சியம்மாளுக்கு இருந்த பயமெல்லாம். எழுத்து வந்தது முதலிலா, வக்கீல் நோட்டீஸ் போனது முதலிலா என்று யாராவது மடக்கிக் கேட்டால் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவாள், மாற்றிச் சொன்னால் எழுத்தை அவளே ஆணியை வைத்துக் கொத்திக்கொண்டாள் என்று ஆகிவிடும், அப்படி ஆகிவிட்டால் சேவு போடுகிற கொட்டகையும் போய் அதற்குள் கழிந்த இருபத்தாறு வருஷமும் போய்விடும் என்று, உப்போடைப்பட்டியிலிருந்து டவுன் கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். முதலில் அவர் சொன்ன சொல். அப்புறம் எழுத்து. அப்புறம்தான் நோட்டீஸ்.

துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுச் சொர்ணக்கிளி முழங்கையால் இடித்தாள். "பேச்சின்னு பேரை வச்சுக்கிட்டு பேசுறதுக்கு இப்படி நடுங்குறவளை நான் எங்கயும் கண்டதில்ல மதினி."

"அஞ்சாப்போட நின்னவடி நான். கோர்ட்ல பெரிய எழுத்துப் படிச்சவுகளா இருப்பாக."

"உங்க வீட்டுச் சுவரு படிக்காததையா அவுக படிச்சிட்டாக? சும்மா வாங்க."

நடந்தது இதுதான். குமாரசாமியும் பேச்சியம்மாளும் கல்யாணமான மறு வருஷமே காராச்சேவு போட ஆரம்பித்தவர்கள். அவள் மாவு பிசைவாள், கண்கரண்டியில் தேய்ப்பாள், அரிப்பாள்; அவர் பாக்கெட் கட்டி, மொபட்டில் ஏற்றி, ஏழு ஊர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். சேவு விற்ற காசில் வீட்டை எடுத்துக் கட்டினார்கள், பிறகு பின்னால் கொட்டகையை எடுத்தார்கள், மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஒருநாள் குமாரசாமி மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே, கொட்டகையை இடித்துவிட்டு இடத்தை மரக்கடைக்காரர் ஒருவருக்கு விடுவதாகப் பேசி முடித்துவிட்டேன், இனிமேல் இந்த எண்ணெய்ப் புகையும் வேண்டாம், ஊர் ஊராக அலைச்சலும் வேண்டாம் என்றார். பேச்சியம்மாள் மாவுக் கையோடு எழுந்து நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வேணாமா?" என்றாள்.

அவர் கோபப்படக்கூட இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். "உங்கிட்ட என்ன கேக்கணும்? இந்த வீட்ல உன் பேர்ல என்ன இருக்கு?"

டக், என்று ஒரு சத்தம் கேட்டது.

அடுப்பு மேடையில் கிடந்த கண்கரண்டியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். டக், டக், டக் என்று, பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர் உளியைத் தட்டுகிற அதே தாளத்தில், கரண்டியின் காம்பில் ஒவ்வொரு புள்ளியாக விழுந்து, புள்ளியும் புள்ளியும் சேர்ந்து, குமாரசாமி கை கழுவிவிட்டு வருவதற்குள் 'பேச்சி' என்று எழுத்து நின்றுவிட்டது. பிறகு சத்தம் எண்ணெய் டின்னுக்குப் போனது. அதில் 'குமாரசாமி' என்று விழுந்தது. பிறகு நிலைப்படிக்குப் போனது. அன்றைக்கு நாலு மணிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நின்றது, மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்ப ஆரம்பித்தது, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஓய்ந்தது, ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. கடை வைத்திருக்கிற மனுஷன் எப்படி வேலை பார்ப்பானோ அப்படி ஒழுங்காக வேலை பார்த்து, பத்து நாளில் அந்த வீட்டில் ஒரு இடம் பாக்கியில்லாமல் பேர் வெட்டி முடித்தது.

சுவரில் பூச்சுக்கு மேலேயே, உள்ளே இருக்கிற ஒவ்வொரு செங்கலுக்கும் அவளோ அவரோ யார் சுமந்தார்களோ அவர் பேர் வந்தது. கதவுக்கு மேலே இரண்டு பேரும் வந்தது. மொபட்டின் கைப்பிடியில் குமாரசாமி, அதன் பின்னால் பாக்கெட் மூட்டையைக் கட்டுகிற, அவள் பழைய சேலையைத் திரித்துப் பின்னிய கயிற்றில் பேச்சி. அவளுக்கே ஒரு இடத்தில் மனது சுருங்கியது. கொட்டகை அடுப்பு முழுக்க முழுக்கத் தன்னுடையது என்றுதான் அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். அதில் முதலில் விழுந்த பேர் குமாரசாமி. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவள் டைபாய்டில் கிடந்த ஐப்பசியில் அவர் ஒற்றை ஆளாக மண் மிதித்து அடுப்பைப் போட்டது ஞாபகம் வந்தது. "ஆமா, அது அவரு போட்டதுதான்" என்று சத்தமாகவே சொன்னாள், யாரும் கேட்காவிட்டாலும்.

செய்தி கேட்டு மகள் திருப்பூரிலிருந்து போன் போட்டாள். "அம்மா, என் மேலயும் பேர் வருமா?"

"வந்தா உன் பேருதாண்டி வரும்" என்றாள் பேச்சியம்மாள்.

உப்போடைப்பட்டிக்கு எழுத்து பழகிப்போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. எண்ணெய்ச் சட்டியிலும் சுவரிலும் தானாகப் பேர் விழுகிறதாம் என்றார்கள், விழட்டும், அதுவும் நல்லதுதான், இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வசதி என்றார்கள். கிராம அலுவலர் வந்து பார்த்து, "எழுத்து வந்தா வரட்டும்மா, கம்ப்யூட்டர்ல வரலையே" என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் சேவு வாங்கிக்கொண்டு போனார். ஆனால் அந்த எழுத்தையெல்லாம் ஒரு வாரம் நின்று நின்று படித்துவிட்டு, 'இத்தனையும் இருக்கும்போதே அப்படிக் கேட்டாரே' என்று பேச்சியம்மாள் டவுனுக்குப் போய் ரெபேக்கா வக்கீலம்மாவைப் பார்த்து நோட்டீஸ் விட்டாள் பாருங்கள், அதைக் கேட்டுத்தான் ஊர் வாயில் கை வைத்தது. நாற்பத்தெட்டு வயதில், பேரன் எடுக்கப்போகிற நேரத்தில், குடிக்காத அடிக்காத புருஷனோடு ஒருத்தி தீர்த்துக்கொள்கிறாளாமே! இந்த அதிசயத்தை ஊரால் தாங்க முடியவில்லை.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். போனவர்கள் தங்கள் வீட்டில் சோறு போட்டுவிட்டு, வேண்டுமென்றே புருஷன்மாரைச் சீண்டி, அந்த வார்த்தையை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்தார்கள். ஆண்கள் உஷாராகிவிட்டார்கள். டீக்கடையில் யாரும் 'பேர்' என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. புது ஆள் ஒருவன் வந்து உங்க பேர் என்னண்ணே என்று கேட்டதற்கு, மூன்று பேர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் மேலத்தெருவில் இரண்டு வீட்டில் வாய் தவறிவிட்டது. அதில் ஒரு வீட்டில் விழுந்த பேர் புருஷனும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மாமியார்; அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் அன்றிலிருந்து சண்டை போடுவதை நிறுத்திவிட்டு அந்த அம்மா படத்துக்கு மாலை வாங்கிப் போட்டார்கள்.

ரெபேக்கா வக்கீலம்மா எதையும் மறைத்துப் பேசுகிறவர் இல்லை. "பேச்சியம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. பத்திரத்துல யார் பேரோ அவங்களுக்கு வீடு. நீங்க கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சாமான் உங்களுக்கு. சேர்ந்து உழைச்சுக் கட்டினதுல பாதிக்கு நேரா ஒரு வரி சட்டத்துல இல்ல. உங்க உழைப்பு அதுல இருக்குன்னு நாமதான் காட்டணும்."

"காட்டிருவேன் மேடம். சுவரு பூரா இருக்கு."

"சாமானை முதல்ல பார்ப்போம். அதுல தகராறு இருக்காது."

தகராறு அதில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு பேச்சியம்மாளின் அப்பா குருவையா வாங்கிச் சேர்த்த பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றிலும் 'கு. பேச்சியம்மாள்' என்று வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் வாங்கியதிலும் 'கு. பேச்சியம்மாள்' என்றே வெட்டியிருந்தது. அப்பா குருவையா, புருஷன் குமாரசாமி. கையெழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று கல்யாணப் பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக இனிஷியல் பொருத்தமும் சேர்ந்தது என்று பந்தியில் ஒருவர் சொல்ல, பேச்சியம்மாளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது முன்னால் வந்து நின்றது.

அண்ணன் அய்யாத்துரை ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். "தங்கச்சி, கிளம்பு. நம்ம அய்யா பேரு போட்ட சாமான் நம்ம வீட்டுக்கு வரணும், நீயும் வரணும். அத்துக்கிட்டவ தனியா இருக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டே பெரிய அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார்.

குமாரசாமி மறு காதைப் பிடித்தார். "மச்சான், கு.ன்னா குமாரசாமி. அதை விடுங்க."

"கு.ன்னா குருவையா. உங்க தாத்தா பேரு போட்ட சாமானா இது?"

"இந்த அண்டா வாங்கும்போது நான் மொபட்ல மடியில வச்சுக் கொண்டாந்தேன்!"

"மடியில வச்சா மொபட்டை யாரு ஓட்டுனது? அண்டாவா?"

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் அண்டாவின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நடுவில் அவள் பேர் வெயிலில் மின்னியது. எது அப்பா வாங்கியது, எது இவர்கள் வாங்கியது என்று அவளைக் கேட்டால் பாதிக்கு அவளுக்கே தெரியாது. தெரியாது என்று சொன்னால் அதையே எழுதிக்கொள்வார்களோ என்ற பயத்தில் அவள் வாயைத் திறக்காமல், போய் அண்டாவுக்குள் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினாள். கனம் தாங்காமல் இருவரும் கையை எடுத்தார்கள். குட்டியானை வெறுமனே திரும்பிப் போனது.

கோர்ட்டிலிருந்து வீட்டைப் பார்த்துப் பட்டியல் எடுக்க ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பினார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் மூன்று நாள் சுவர் சுவராகப் படித்தார். குமாரசாமி பக்கத்து வக்கீல் ஒரு கேள்வி கேட்டார்: இந்தச் சுவரில் வெறும் பேச்சி என்றுதான் இருக்கிறது, இனிஷியல் இல்லை, இந்த ஊரில் எத்தனை பேச்சி?

நாலு பேச்சி. மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பால்காரப் பேச்சி, "இந்த வீட்டுல நான் ஒரு சட்டி மண்ணு எடுத்ததில்ல சாமி" என்றாள். கீழத்தெருப் பேச்சிக்கு எண்பது வயது. அவள் சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். சித்தாள் பேச்சி மட்டும் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குனிந்து குனிந்து தேடி, "இந்தா, இது என் கல்லு" என்று ஒரே ஒரு செங்கலைத் தொட்டுக் காட்டினாள். இரண்டே நாள் வேலைக்கு வந்தாளாம். மற்ற கல்லுக்கெல்லாம் கூலி வாங்கிவிட்டாளாம், இந்த ஒன்று, வேலை முடிந்த பிறகு பேச்சியம்மாளுக்குக் கை கொடுக்கலாமே என்று சும்மா எடுத்துவைத்ததாம்.

"எடுத்துக்கிறியா?" என்று கமிஷனர் கேட்டார்.

"சுவரு விழுந்துரும்ல? மதினியே வச்சுக்கிடட்டும்."

குமாரசாமியின் வக்கீல் விடவில்லை. இதெல்லாம் கூலி கொடுத்து வெட்ட வைத்தது என்றார். டவுன் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற காஜா மைதீன் பாயைக் கூட்டிவந்தார்கள். பாய் நிலைப்படியில் ஆரம்பித்து அடுப்புவரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"என் கை இல்ல சார். நம்ம ஜில்லாவுல யார் கையும் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"மனுசன் வெட்டுனா தப்பு விழும். பித்தளையில விழுந்த புள்ளியை அழிக்க முடியாது. அதனால தப்பான எழுத்து மேல ஒரு பூவை வெட்டிருவோம். உங்க வீட்டுப் பாத்திரத்துலயும் இருக்கும், போய்ப் பாருங்க. பேருக்கு முன்னால ஒரு பூ இருந்துச்சுன்னா அது அழகுக்கு இல்ல, அதுக்குக் கீழ ஒரு தப்பு இருக்கு. இந்த வீடு பூராப் பார்த்துட்டேன். ஒரு பூ இல்ல சார்."

கமிஷனர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சமரசப் பேச்சுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் ரெபேக்கா வக்கீலம்மா குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் கேட்டார். "இனிஷியல் இல்லைங்கிறதையே பிடிச்சுத் தொங்குவாங்க. என்கூட இருக்கிற வக்கீல்கள் ஒரு யோசனை சொன்னாங்க: சுவர்ல உங்க பேருக்கு முன்னால ஒரு கு. போட்டுட்டா வம்பு ஓய்ஞ்சிரும்னு. நான் போடச் சொல்லல. ஆனா நாளைக்குச் சமரசத்துல அவங்களே கேட்டாலும் கேப்பாங்க, உங்களுக்குச் சம்மதமான்னு தெரிஞ்சுக்கணும்."

பேச்சியம்மாள் மேசையில் விரலால் ஒரு கு. எழுதிப் பார்த்தாள்.

"எந்தக் கு. மேடம்?"

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியோடும், முதலில் சொல், அப்புறம் எழுத்து, அப்புறம் நோட்டீஸ் என்ற வரிசையோடும்தான் அவள் இந்த பஸ்ஸில் வந்து இறங்கி, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த சமரச மையத்தின் மர நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே குமாரசாமி. நடுவில் சமரசம் பேசுகிற அம்மா, தலை நரைத்தவர்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன வேணும்?"

பேச்சியம்மாள் வரிசையை மறந்துபோனாள். முதலில் நோட்டீஸ் என்று ஆரம்பித்து, இல்லை எழுத்து என்று மாற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையை விட்டுவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டாள். "என் பேரு இருக்கிறது எனக்கு. அவரு பேரு இருக்கிறது அவருக்கு. அவரு பேரு உள்ளதுல ஒரு துரும்பு வேண்டாம். என் பேரு உள்ளதுல ஒரு துரும்பு விடமாட்டேன். ரெண்டு பேரும் உள்ளதை நீங்க சொல்லுங்க."

"ஐயா, நீங்க?"

"வீடு என் பேர்ல..." என்று தொடங்கியவர் அந்த வார்த்தையோடு திடுக்கிட்டு நிறுத்தி மேசையைப் பார்த்தார். மேசை சத்தம் போடவில்லை.

அந்த அம்மா கமிஷனர் பட்டியலை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். "எனக்குக் கண்ணு சரியில்ல. நீங்களே வாசிங்க. சத்தமா."

குமாரசாமி வாசித்தார். தெற்குச் சுவர், முதல் வரிசை, பேச்சி, பேச்சி, குமாரசாமி, பேச்சி. இரண்டாம் வரிசை, குமாரசாமி, குமாரசாமி, பேச்சி. முதலில் வேண்டா வெறுப்பாக, விழுங்கி விழுங்கித்தான் வாசித்தார். ஆனால் பட்டியல் நீளமானது, ஒரு பக்கம் போய் மறு பக்கம் வர, கல் எடுத்துக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் போலப் பேரும் பேரும் மாறி மாறி வர, அவர் குரல் தன்னை அறியாமல் ஒரு தாளத்துக்கு வந்தது. பேச்சி, பேச்சி, குமாரசாமி, கொட்டகைக் கூரை ஓடு, பேச்சி, பேச்சி, பேச்சி, பேச்சி. வெளியே கேஸுக்காகக் காத்திருந்தவர்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். நாலாம் பக்கத்தில் அவர் நின்று, திரும்பப் படித்துவிட்டு, காகிதத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணு விட்டுட்டாரு."

"என்ன?"

"கொட்டகை வாசல் மேல உள்ள விட்டம். எழுத்து மேல் பக்கமா இருக்கு, கீழ நின்னா தெரியாது. அது பேச்சி. நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவதான் ஏறி வச்சா. அப்ப மக வயித்துல."

அந்த அம்மா பேனாவை நீட்டினார். விட்டுப்போன அந்தப் பேரைக் குமாரசாமியே தன் கையால் பட்டியலில் சேர்த்து எழுதினார்.

அதற்கப்புறம் பேச்சு சீக்கிரம் முடிந்தது. முன்வீடு அவருக்கு, கொட்டகையும் பின்கட்டும் அவளுக்கு, இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரை இரண்டு பேரும் இடிக்கக்கூடாது. மொபட் அவருக்கு, கயிறு அவளுக்கு. அடுப்பு அவர் பேரில் இருந்ததால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். "பத்த வைக்கிற எடத்துலயே இருக்கட்டும்" என்றார். பாத்திரங்கள் அவளுக்கு என்று எழுதினார்கள். கையெழுத்துப் போடும்போது இனிஷியலோடு போடுங்கம்மா என்றதால் பேச்சியம்மாள் கு. போட்டாள். போட்டுவிட்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்திரம் பதிவாகி, தீர்ப்பும் கைக்கு வந்த பிறகும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தானாக வந்த எழுத்து தானாகப் போகாதா? சரி, கொட்டகைக்குக் காகிதம் இருக்கிறது, போகட்டும். பாத்திரத்துக்கு என்ன இருக்கிறது? 'அய்யா பேரு போட்ட சாமான்' என்று அண்ணன் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொர்ணக்கிளி வந்து சொன்னாள். குமாரசாமிக்கு நாளைக்கு மனது மாறாது என்று யார் கண்டது? ஒரே ஒரு எழுத்து, அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் வந்து ஒரு காதைப் பிடிக்கலாம்.

அவள் டவுனுக்குப் போய் காஜா மைதீன் பாயிடம் ஒரு பழைய உளியும் சின்னச் சுத்தியலும் வாங்கிவந்தாள். பாய் ஒரு உடைந்த தாம்பாளத்தில் காட்டிக்கொடுத்தார்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஐந்து, ஒவ்வொன்றையும் வளைத்து ஒரு இதழ். கொட்டகை வாசலில், பட்டப்பகலில், பாத்திரத்தையெல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். டக், டக், டக் என்று கேட்டதும் தெரு ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. ஆண்கள் நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள்தான் தட்டுகிறாள் என்று தெரிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். முதல் நாள் பூக்கள் கோணலாக வந்தன, ஒன்று பல்லி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கை நின்றது. டம்ளர், கிண்ணம், குத்துப்போணி, தவலை என்று ஒன்று விடாமல் முடித்துவிட்டுக் கடைசியில் அண்டாவைக் கவிழ்த்தாள்.

பொங்கல் சீர் கொண்டுவந்த அய்யாத்துரை, கரும்பைச் சாய்த்துவைத்துவிட்டு முதல் வேலையாக அண்டாவைத் திருப்பி, பேரின் முன்பக்கத்தைத் தேடினார். விரலால் தடவினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இங்க கு. இருந்துச்சே, எங்க? இது என்னத்தா பூவு?"

பேச்சியம்மாள் அவருக்குப் புதுச் சேவை ஒரு தட்டில் கொட்டி நீட்டினாள்.

"அதுல ஒரு தப்பு இருந்துச்சுண்ணே. பூ வச்சுட்டேன்."